கைதட்டக் கூடாத நாடகம்

தஸ்நேவிசம்மாளை இலங்கையிலிருந்து விரட்டியபோது தமிழச்சி என்று சொல்லித்தான் விரட்டினார்கள். தூத்துக்குடியில் வந்து இறங்கிய பிறகு தெருவில் அவருக்கு வைத்த பெயர் சிங்களத்தி. இரண்டு கரைக்காரர்களும் கூடிப் பேசி இப்படி முடிவு செய்திருக்க வழியில்லை, நடுவே கடல் இருக்கிறது. ஆனால் சில விஷயங்களில் மனிதர்கள் கலந்து பேசாமலே ஒத்துப்போய்விடுகிறார்கள்.

1978-ல் அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பனிமய மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் மெஷினோடு குடியிருந்தார். சாமியார்களின் பூசை உடுப்பு, புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், பள்ளிக்கூடச் சீருடை என்று எது வந்தாலும் தைப்பார். தம்பி மனுவேலுக்குப் புதுத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ண வேண்டும். வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. மனுவேல் ஊர்க்கதை பேசிக்கொண்டே எண்ணுவார், எண்ணிக்கையும் தப்பாது. காலையில் பல் விளக்கும்போது தொடங்குகிற பேச்சு குறட்டை வந்தால்தான் நிற்கும். அக்கா நேர்மாறு. அளவு எடுக்கும்போது "கையத் தூக்கு", "திரும்பு" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

இந்த வாயாடி ஒரு காலத்தில் ஊமையாக இருந்தார். இந்தப் பேசாத அக்கா ஒரு காலத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று பாடினார்.

அப்பா கொழும்பில் தோணி ஏஜெண்டிடம் கணக்கப்பிள்ளை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், கோயிலில் லத்தீன். மூன்றில் சிங்களம்தான் சோறு போட்டது. பதினெட்டு வயதில் ஒரு சிங்கள நாடகக் கம்பெனி அவரைப் பாடச் சொல்லிக் கேட்டது. கேட்ட கையோடு குசுமாவதி என்று பெயர் மாற்றி மேடையேற்றியது. கண்டிப் பக்கத்துப் பெரிய வீட்டுப் பெண் என்று நோட்டீசில் போட்டார்கள். யாரும் துருவிக் கேட்கவில்லை. எல்லாருக்கும் அந்தப் பொய் பிடித்திருந்தது. மனுவேல் அதே கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தார். பிறகு சினிமா வந்தது. சிங்களப் படங்களைச் சென்னைக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிற காலம் அது. ஆக, ஒரு தமிழச்சி கண்டிச் சேலை கட்டிக்கொண்டு கோடம்பாக்கத்தில் நின்று சிங்களத்தில் அழுதார். அதில் கோணலாக எதையும் அன்று யாரும் காணவில்லை. முதல் படம் நன்றாக ஓடியது. இரண்டாவது படம் பாதி முடிந்திருந்தபோது ஐம்பத்தெட்டாம் வருஷத்து மே மாதம் வந்தது.

ஒரு ஊரில் நாடகம் முடித்துவிட்டு, அக்காவும் தம்பியும் காலி நகரிலிருந்து கொழும்பு வரும் சாலை வழியாகப் பட்டப்பகலில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தமிழர்களை அடிக்கிற கலவரம் என்று காதில் விழுந்திருந்தது. ஆனால் கலவரம் எப்போதும் வேறு ஊரில் நடப்பதுதானே. வழியில் கம்பும் பெட்ரோல் தகரமுமாக ஒரு கூட்டம் பஸ்ஸை நிறுத்தியது. ஒவ்வொருவரையும் புத்த மந்திரம் சொல்லச் சொன்னார்கள். சொல்லத் தெரியாதவர்களை இறக்கினார்கள். தஸ்நேவிசம்மாளுக்கு மந்திரம் தெரியும். விகாரையில் பூ வைத்துக் கும்பிடும் காட்சி ஒன்று அவர் நாடகத்தில் இருந்தது. அதற்காகப் பாடம் பண்ணியது. மனுவேலின் சிங்களமோ வாயைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

"என் தம்பி பிறவி ஊமை" என்றார் அக்கா.

அப்போது கூட்டத்தில் ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். "குசுமாவதி!" என்று கத்தினான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டான். மற்றவர்களும் வந்து சூழ்ந்தார்கள். ஒரு பாட்டு பாட வேண்டும் என்று கேட்டார்கள். கேட்ட விதத்தில் மிரட்டல் ஒன்றும் இல்லை; ரசிகர்கள் கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். அவர் பஸ் படியில் நின்று பாடினார். அதே பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட ஒரு பெரியவர், குடையோடு ஏறி இவர்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர், பஸ்ஸுக்கு மறுபக்கம் சிலர் கையில் அகப்பட்டிருந்தார். பாட்டு நெடுக அவருடைய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மேடையில் அப்படி ஒரு கைதட்டலை அவர் வாங்கியதில்லை. அது ஓய்ந்தபோது மறுபக்கத்துச் சத்தமும் ஓய்ந்திருந்தது.

பஸ்ஸைப் போகவிட்டார்கள்.

மனுவேல் அதன்பின் பேசவில்லை. அகதி முகாமில் சுற்றிலும் தமிழர்கள்தான், பேசியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் பேசவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த தோணி ஒன்றில் ஏறி ஊர் திரும்பும்போது, நடுக்கடலில் ஒரு வாய் மீன்குழம்பை வைத்துவிட்டு, "உப்பு இல்ல" என்றார். அதுதான் முதல் பேச்சு. அந்த நாட்களில் விட்டுப்போனதை எல்லாம் அதற்குப் பிறகு பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

பாதி நின்ற படத்தை முதலாளி வேறொரு பெண்ணை வைத்து முடித்தார். முகம் தெரிகிற காட்சிகளைத் திரும்ப எடுத்தார். முதுகு மட்டும் தெரிகிற காட்சிகளுக்கு மறுபடி செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆக, தஸ்நேவிசம்மாளின் முகம் நாடு கடத்தப்பட்டது. முதுகு அங்கேயே தங்கி நூறு நாள் ஓடியது.

தூத்துக்குடியிலும் நாடக சபாக்கள் இருந்தன. ஒன்றிரண்டு பேர் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். "தைக்கக் கெடக்கு" என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவரே தைத்த உடுப்பைப் பிள்ளைகள் போட்டு ஆடும்போதுகூட, முதல் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். பெரிய நடிகை என்ற மண்டைக்கனம் என்று தெரு தீர்ப்புச் சொன்னது. கைதட்டலைக் காதால் கேட்க அவரால் முடியவில்லை என்பது மனுவேலுக்கு மட்டும் தெரியும். ஓயாமல் பேசுகிற அந்த மனுஷன் இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அவரிடம் ஒரு நீல அங்கி வரும். புன்னைக்காயலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம், கோபக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே பெரிய வெள்ளிக்கிழமை சேசுநாதரின் பாடுகளை நடித்துக் காட்டுவார்கள். பாஸ்கு என்று பெயர். பெண்கள் மேடையேறும் வழக்கம் இல்லை. மாதாவாக வருபவர் ஜேசுபாதம், வள்ளத்தில் போய் மீன்பிடிக்கிற, கதவு அகலத்துக்குத் தோள் உள்ள மனிதர். பாஸ்குவில் நடிப்பவர்கள் தவசு காலம் முழுக்கக் குடிக்கக் கூடாது, கறி தின்னக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது. மாதா வேஷத்துக்காக ஜேசுபாதம் மீசையையும் எடுத்துவிடுவார். அவர் மனைவி வருஷம் பூராவும் காத்திருப்பது அந்த நாற்பது நாளுக்குத்தான் என்று ஊரில் பேச்சு.

அந்த வருஷம் தவசு காலத்து நடுவில் ஜேசுபாதம் அங்கியோடு வந்தார். மீசை முளைத்திருந்தது.

"யக்கா, இந்த வருஷம் அங்கியப் பிரிச்சுத் தைக்க வேண்டாம்."

"மெலிஞ்சிட்டியா தம்பி?"

"மாதாவையே என்கிட்டருந்து எடுத்துட்டானுவ, கமிட்டிக்காரனுவ."

உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனுவேல் அப்படியே வெளியே வந்தார். "எடுக்காம? தவசு காலத்துல மாதா போயி விசைப்படகுக்காரன் பல்ல உடைச்சா, கமிட்டி கூப்புட்டு மாலையா போடும்?"

"அவன் என் வலைய அறுத்துட்டான் அண்ணே. மாதாவா இருந்தாலும் கோவம் வரும்."

"இப்ப யாரு மாதா?" என்றார் தஸ்நேவிசம்மாள்.

"என் மச்சினன் செல்வதுரை." ஜேசுபாதம் அந்தப் பெயரை வாயிலிருந்து துப்பினார். "அவனுக்கு மூக்கால பேச்சுக்கா. சிலுவைக்கடியில நிண்டு அவன் அழுதான்னு வையுங்க, சேசுநாதரு மூணாம் நாள் வரைக்கும் காத்திருக்க மாட்டாரு. அங்கனயே எறங்கி ஓடிருவாரு." பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். "நீங்க நில்லுங்கக்கா. நீங்க கொழும்புல பெரிய ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு விட்டுக்கொடுத்தா எனக்கு மனசு ஆறும். அவனுக்கு விட முடியாது."

பெண்ணும் மேடையேறலாம் என்ற முற்போக்குக் கருத்து அந்த ஊருக்குள் ஒரு ஆணின் பொறாமையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தது. எந்தக் கருத்தும் எந்த வழியாக வந்தது என்று ரொம்ப விசாரிக்கக் கூடாது.

தையல் மெஷின் சக்கரம் நின்றிருந்தது. தஸ்நேவிசம்மாள் அதில் கையை வைத்தபடி கேட்டார்: "கைதட்டுவாங்களா?"

"என்னக்கா கேக்கிய? பாஸ்குல எவன் கைதட்டுவான்? பெரிய வெள்ளில கைதட்டுனா ஊரை விட்டே தள்ளி வச்சிருவாங்க. தட்டியே ஆவணும்னா நெஞ்சுல தட்டிக்கிட வேண்டியதுதான்."

"ஒரு ஆளும் தட்டாதா?"

"ஒரு குஞ்சு குருமான் தட்டாது."

மனுவேல் பாதியில் விட்ட பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப வாரேன்" என்றார் தஸ்நேவிசம்மாள்.

கமிட்டி அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளை எப்படி நிற்கலாம் என்றார்கள். நாடகக்காரி மாதாவா என்றார்கள். இவர்கள், போன ஆகஸ்டில் இலங்கையில் மறுபடி கலவரம் வந்து, தப்பி வந்தவர்களுக்குத் துணியும் பாத்திரமும் கொடுத்த அதே ஊர்க்காரர்கள்தான். கடைசியில் தலைவர் மனசில் இருந்ததைச் சொன்னார்: "சாமி, எல்லாம் சரி. ஆனா ஒரு சிங்களத்தி எங்க மாதாவா நிக்கதுன்னா..."

பங்குச்சாமியார் கரிசல் சீமைக்காரர், சின்ன வயது, ரோமாபுரியில் படித்து வந்தவர். கடற்கரைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் கேட்டார்: "அந்தம்மா சிங்களத்தி இல்லை. சரி, இருக்கட்டும். மாதா என்ன தூத்துக்குடிக்காரியா?"

அவரே பதிலும் சொன்னார்.

"மாதா யூதப் பொம்பளை. ஹிட்லர் காலத்தில் மாதா ஜெர்மனியில் குடியிருந்தால், சட்டையில் மஞ்சள் துணியில் அடையாளம் தைத்து, மகனையும் சேர்த்து ரயிலில் ஏற்றியிருப்பார்கள். ஏற்றியவர்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். நான் அந்த ஊருக்கெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறேன்."

கமிட்டித் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த ஒரு வருஷம்தான்" என்றார்.

ஒத்திகைக்கு மனுவேலின் துணையோடு பஸ் ஏறிப் போய் வந்தார். முதல் நாள் செல்வதுரை ஒரு மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் நாள் அவருக்கு, சேசுநாதரின் முகத்தைத் துடைக்கும் வேரோணிக்காள் வேஷம் கிடைத்ததும் சமாதானமாகிவிட்டார். ஜேசுபாதத்துக்குத்தான் சமாதானம் வரவில்லை. விட்டுக்கொடுத்தவர் விட்டுவிட்டுப் போகாமல் தினமும் மணலில் குந்தியிருந்து குறை சொன்னார்.

"யக்கா, ரொம்ப அழுவாதிய. மாதா இவ்வளவு அழ மாட்டா."

"நீ எப்படி அழுவே?"

"நான் அழவே மாட்டேன். பாக்கவன்தான் அழுவான்."

"உன் மொகத்தைப் பாத்தா யாருக்கும் அழுகை வரத்தான் செய்யும்" என்றார் தஸ்நேவிசம்மாள். அக்கா கேலி பேசி மனுவேல் கேட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. அன்று வீடு திரும்பும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஆனாலும் மேடைக்கு முன்னால் ஆள் இல்லாத ஒத்திகை ஒத்திகைதான். ஆட்கள் உட்கார்ந்த மேடையில் அக்காவால் கடைசிவரை நிற்க முடியுமா, இல்லை பாதியில் எழுந்து இருட்டுக்குள் போய்விடுவாரா என்பது மனுவேலுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் பின்னால் மணலில் சனம் நிறைந்திருந்தது. புன்னைக்காயலிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது சிலுவையிலிருந்து சேசுநாதரின் மரச் சொரூபத்தை இறக்கி மாதாவின் மடியில் கிடத்தினார்கள். புலம்பல் பாட வேண்டிய இடம். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் பாடிவருவது.

"எல்லார் மகனும் கரைக்கு வந்தான், என் மகன் மட்டும் மலைக்குப் போனான்" என்று தொடங்கினார்.

கொழும்பு மேடையில் பாடிய குரல் இல்லை அது. தணிந்து, பக்கத்தில் படுத்திருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் அழவில்லை. ஜேசுபாதம் சொன்னதைக் கேட்டாரோ, தானாகவே அப்படி வந்ததோ. முன் வரிசையில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை, கடல் மட்டும் கேட்டது. தஸ்நேவிசம்மாள் தலையை நிமிர்த்தி அந்த நிசப்தத்தைப் பார்த்தார். மனுவேல் மூச்சு விட்டார். முடிந்துவிட்டது.

அப்போது ஒலிபெருக்கியில் பங்குச்சாமியாரின் குரல் வந்தது. நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தார். பள்ளிக்கூட விழாக்களில் பேசிப் பேசிப் பழகிய வாய் அது. "அன்பார்ந்தவர்களே, கொடுமைகளைத் தாண்டி வந்து இன்று நம் உள்ளங்களை உருக்கிய நம் சகோதரிக்குப் பலத்த கரவொலி எழுப்புவோம்!"

கடற்கரைக்காரர் யாரும் செய்யாத தவறு. சனம் திகைத்துப்போனது. சாமியார் சொன்னதைச் செய்யாமல் இருப்பது பாவம். பெரிய வெள்ளியில் கைதட்டுவது அதைவிடப் பாவம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சில கைகள் மடியிலிருந்து பாதி தூரம் எழும்பி நின்றன.

மேடையில் தஸ்நேவிசம்மாள் எழுந்து ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தன் காதையும் அவர் பொத்திக்கொள்ளவில்லை. மடியில் கிடந்த சொரூபத்தின் காதுகள் இரண்டையும் தன் உள்ளங்கைகளால் பொத்தினார்.

கூட்டத்தின் ஓரத்தில் மனுவேல் எழுந்து நின்றார். கத்த வேண்டும் என்று நினைத்தார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

முதல் சத்தம் மேடைக்கு இடது பக்கமிருந்து வந்தது. தொம் என்று ஒன்று. ஜேசுபாதம் மணலில் முழந்தாளிட்டு, வலை இழுக்கிற அந்தக் கையை முட்டியாக மடக்கித் தன் நெஞ்சில் குத்தியிருந்தார். பூசையில் பாவ அறிக்கை சொல்லும்போது தட்டுவதுபோல. மறுபடி ஒன்று. பல் உடைத்ததற்காகவா, வேஷத்தை இழந்த வயிற்றெரிச்சலுக்காகவா, இல்லை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கொடுத்த வாக்குக்காகவா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவர் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்.

ஆனால் சனத்துக்கு வழி கிடைத்துவிட்டது. சாமியார் பேச்சையும் தட்டவில்லை, பெரிய வெள்ளியையும் கெடுக்கவில்லை. பக்கத்துக் கிழவி தட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை. பிறகு ஊரே முழந்தாளில் நின்று நெஞ்சில் தட்டியது. கமிட்டித் தலைவரும் தட்டினார். கையும் கையும் மோதுகிற சத்தம் இல்லை அது. ஆழத்தில், மெல்ல, தூரத்தில் தோணியின் வயிற்றில் அலை மோதுவதுபோல் வந்துகொண்டே இருந்தது.

தஸ்நேவிசம்மாள் கண்ணைத் திறந்தார். வெகு நேரம் கேட்டார். பிறகு சொரூபத்தின் காதுகளிலிருந்து கைகளை எடுத்தார், முதலில் ஒன்று, அப்புறம் மற்றது.

பாஸ்கு முடிந்து வழக்கம்போல் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். மனுவேல் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார். பங்குச்சாமியார் வந்து, "நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது" என்றார். தஸ்நேவிசம்மாள் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று சாமியாருக்குப் புரியவில்லை.

பஸ் நிற்கிற இடம்வரை ஜேசுபாதம் கூடவே வந்தார். கண் முழுக்க அந்த நீல அங்கி மேல்தான்.

"அடுத்த வருஷம் என் தண்டனை முடிஞ்சிரும்க்கா. அதை இங்கனயே குடுத்துட்டுப் போனியன்னா..."

"உனக்குத் தோளு பெருசு, தம்பி."

"வழக்கமா பிரிச்சுத் தைப்பிய இல்லா?"

"இனிமே பிரிக்க மாட்டேன்."

"யக்கா, இந்த ஒரு வருஷம்தான்னு பேச்சு!"

"அது கமிட்டி சொன்னது. நான் சொல்லலையே." அங்கியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ பேதுருவா நில்லு. வாளெடுத்து ஒருத்தன் காதை வெட்டுனவரு, சண்டைக்காரனுக்கு அதுதான் சரி. மீசையும் மிஞ்சும்."

ஜேசுபாதம் சாலை நடுவில் வாயைப் பிளந்து நிற்க, பஸ் புறப்பட்டது. தஸ்நேவிசம்மாள் பையை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். ஆத்தூர்ப் பாலம் வரும்வரை மனுவேல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலம் தாண்டியதும், "அக்கா" என்றார். "கஞ்சியில உப்பு இல்ல."

அதன்பின் தூத்துக்குடி வரைக்கும் நிறுத்தவில்லை.